லேசான போர்டுன்னா எத்தனை கிலோ? காத்தடிக்கிற சப் போர்டு பத்தி வாசகர் கேள்விகள்

போன இதழ்ல முட்டுக்காடு பேக்வாட்டர்ல ஒரு பலகை மேல நின்னுக்கிட்டே துடுப்பு போட்டுப் போன கதைய நாலு வரி எழுதினேன். அதுக்கு வந்த கடிதாசி, இத்தனை வருஷமா நான் எழுதின மத்த எல்லாத்துக்கும் சேத்து வந்ததவிட ஜாஸ்தி. ஸ்டாண்ட் அப் பேடில் போர்டு, சுருக்கமா சப். காத்தடிச்சா பலகை, காத்த எறக்கினா பாய் மாதிரி சுருட்டி பைக்குள்ள போட்டுக்கலாம், அதான் எல்லாருக்கும் புடிச்சுப் போச்சு போல. பத்துல எட்டு பேர் கேட்டது ஒரே கேள்வி, "இருக்கிறதுலயே லேசான போர்டு எது சார்?" கேள்வி தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா அத மட்டும் கேட்டு வாங்கின ரெண்டு பேரோட போர்டு இப்ப எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும், ஒண்ணு பரண் மேல, இன்னொண்ணு மொட்டை மாடியில தண்ணித் தொட்டிக்கு மூடியா இருக்கு. அதனால இந்த தடவ பக்கம் முழுக்க இதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: சோழிங்கநல்லூர்ல மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது, வண்டி ஸ்கூட்டர்தான். என் எடை 64 கிலோ, உயரம் 5 அடி 7. ஞாயித்துக்கிழமை காலைல ரெண்டு மணி நேரம் சும்மா ஓட்டணும், ரேஸ் கீஸ் எல்லாம் இல்ல. நெட்ல 7 கிலோ போர்டு ஒண்ணும் 9 கிலோ போர்டு ஒண்ணும் பாத்து வச்சிருக்கேன். 7 வாங்கிடவா?
– வாசகர், சோழிங்கநல்லூர்

தம்பி, மாடிப்படி ஏறப்போறது போர்டு மட்டும் இல்ல, அத மொதல்ல பாப்போம். பை ஒரு 2 கிலோ, சக்கரம் வச்ச பைன்னா இன்னும் ஒரு கிலோ கூட. கைப் பம்ப் ஒண்ணு, ஒண்ணரை கிலோ. அலுமினியத் துடுப்பு ஒரு கிலோ. அடியில மாட்டற ஃபின் தகடு, போர்டையும் காலையும் சேத்துக் கட்டற லீஷ் கயிறு, ரிப்பேர் டப்பா எல்லாம் சேத்து அரை கிலோ. ஆக 9 கிலோ போர்டு வாங்கினா நீங்க தோள்ல போடறது 14 கிலோ, 7 கிலோ போர்டு வாங்கினா 12. விளம்பரத்துல பாத்தா ஏதோ பாதிக்குப் பாதி மாதிரி தெரியுது, படியில வித்தியாசம் ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில் அவ்வளவுதான்.

இப்ப அந்த 2 கிலோவ எங்க கொறச்சாங்கன்னு பாக்கணும், இதுதான் விஷயமே. போர்டுக்குள்ள வெறும் காத்துன்னு நெனைக்காதீங்க, மேல ஒரு துணி, கீழ ஒரு துணி, ரெண்டையும் உள்ளுக்குள்ள ஆயிரக்கணக்கான நூல் இழுத்துப் புடிச்சிட்டிருக்கும், ட்ராப் ஸ்டிச்னு பேரு. அந்த நூல் இல்லாம காத்தடிச்சா தலகாணி மாதிரி உப்பிக்கும், நூல் இருக்கிறதாலதான் தட்டையா பலகையா நிக்குது. அந்தத் துணிக்கு மேல பிவிசி பூசியிருப்பாங்க. ஒரே அடுக்கு பிவிசின்னா போர்டு லேசு, வெலையும் கம்மி, ஆனா நடுவுல நின்னா மூக்கும் வாலும் மேல தூக்கும், பழுத்த வாழப்பழம் மாதிரி. ரெண்டு அடுக்க கையால பசை போட்டு ஒட்டினா வெறப்பா இருக்கும், பசையோட எடையும் கூட ஏறிக்கும், அதான் பழைய போர்டெல்லாம் 11, 12 கிலோ. இப்ப ரெண்டாவது அடுக்க பசை இல்லாம மெஷின்லயே அழுத்தி ஒட்டறாங்க, ஃப்யூஷன்னு போட்டிருக்கும், அது லேசாவும் இருக்கும் வெறப்பாவும் இருக்கும், பணந்தான் கூட. லேசு, வெறப்பு, வெல கம்மி, இந்த மூணுல ரெண்டுதான் ஒரு போர்டுல கெடைக்கும், மூணும் இருக்குன்னு யாராவது சொன்னா அந்த 7 கிலோ போர்டோட கனத்த, அதாவது தடிமன, பாருங்க, 6 இன்ச்சா இல்ல நாலேமுக்காலா, அகலம் 32 இன்ச்சா இல்ல 29ஆ, எங்கயாவது ஒரு எடத்துல கத்தரிச்சிருப்பாங்க. சில பேர் மேல ஒட்டற அந்த மெத்து மெத்துன்னு இருக்கிற ஈவிஏ ஷீட்ட நிக்கிற எடத்துல மட்டும் ஒரு துண்டு ஒட்டிட்டு எடை கொறஞ்சிடுச்சும்பாங்க, முட்டி போட்டுப் பாத்தா தெரியும்.

உங்க 64 கிலோவுக்கு சொல்றேன், 10 அடி 6 இன்ச் நீளம், 32 இன்ச் அகலம், கனம் 5 இன்ச் இருந்தாலே போதும், 6 இருந்தா இன்னும் நல்லது, எடை எட்டுலேர்ந்து ஒம்பதரைக்குள்ள. அந்த 9 கிலோவ எடுங்க. ஒருவேளை 7 கிலோ போர்டும் இதே அளவுல ஃப்யூஷன்ல வருதுன்னா, 15 பிஎஸ்ஐ (காத்தோட அழுத்தக் கணக்கு) தாங்கும்னு போட்டிருந்தா, காசும் இருந்தா, தாராளமா அதையே எடுங்க, நான் லேசுக்கு விரோதி கிடையாது.

ஸ்கூட்டர் விஷயம் தனி. சுருட்டின பை கிட்டத்தட்ட 3 அடி உயரம் வரும், கால் வைக்கிற எடத்துல நிக்காது, முதுகுல மாட்டிட்டு ஓட்டினா பின் சீட்டுல உக்காந்த மாதிரி பை உக்காந்துக்கும், ஓஎம்ஆர் காத்துல ஒரு பக்கமா இழுக்கும், மெதுவா போங்க. ரெட் கம்பெனியில காம்பாக்ட்னு ஒரு வரிசை இருக்கு, நீளவாக்குல ரெண்டா மடிச்சு அப்புறம் சுருட்டற மாதிரி செஞ்சது, பையே பாதி அளவுதான், ஸ்கூட்டருக்கு அதுதான் லட்சணம், வெலைய கேட்டா ஸ்கூட்டரையே வித்துடலாமான்னு தோணும்.

எடையில காசு போடணும்னா துடுப்புல போடுங்க. போர்ட தண்ணி தாங்குது, துடுப்ப நீங்கதான் தாங்கணும். நிமிஷத்துக்கு 30 தடவ போட்டா மணிக்கு 1800 தடவ தூக்கறீங்க, அலுமினியத்துக்கும் கார்பனுக்கும் வித்தியாசம் 350 கிராம்னு வச்சா ஒரு மணி நேரத்துல 630 கிலோ சும்மா தூக்கியிருக்கீங்க. அடுத்த நாள் ஆபீஸ்ல மவுஸ புடிக்கிறப்ப தெரியும். உயரம் உங்க தலைக்கு மேல ஒரு சாண், 8லேர்ந்து 10 இன்ச், அவ்வளவுக்கு இழுத்து லாக் பண்ணுங்க. அப்புறம் துடுப்போட அந்த வளைஞ்ச இலை முன்னாடி பாத்து சாஞ்சிருக்கணும், கரண்டி மாதிரி தண்ணிய அள்ளற பக்கம் புடிக்கக் கூடாது, புதுசா வர்றவங்க பாதிப் பேரு தலைகீழாதான் புடிக்கிறாங்க, நானும் மொத மாசம் அப்படித்தான்.

கேள்வி: போர்டு வாங்கிட்டேன். கைப் பம்ப்ல நூறு தடவைக்கு மேல அடிச்சும் மீட்டர் முள்ளு ஜீரோவுலயே இருக்கு. பம்ப் ரிப்பேரா? கடையில மாத்திக் கேக்கலாமா?
– வாசகர், புதுச்சேரி

மாத்தாதீங்க, கடைக்காரர் சிரிப்பாரு. உள்ள 300 லிட்டர் கிட்ட காத்து போகணும், மொதல்ல எடந்தான் நெரம்பும், அழுத்தம் அப்புறந்தான் ஏறும். போர்டு முழுசா உப்பி பாக்கறதுக்கு ரெடியான மாதிரி இருக்கும், அப்பவும் முள்ளு அசையாது, 5, 6 பிஎஸ்ஐ தாண்டினாத்தான் பல பம்ப்ல முள்ளுக்கு உசுரே வரும். அங்கதான் நெறய பேர் "போதும்டா சாமி"ன்னு நிறுத்திட்டு தண்ணியில எறங்கறாங்க, போர்டு தொய்யுது, போர்டு மட்டம்னு பேரு வைக்கறாங்க. கடைசி அஞ்சு பிஎஸ்ஐதான் கஷ்டம், ரெண்டு பக்கமும் காத்தடிக்கிற மோடுலேர்ந்து ஒரு பக்கத்துக்கு மாத்திக்கணும், பம்ப்ல ஒரு சின்ன மூடியோ திருகோ இருக்கும், கைய மடக்காம நேரா வச்சு உடம்பு எடையப் போட்டு கீழ அழுத்துங்க. 15ன்னா 15. மே மாசத்துல இத முடிக்கிறதுக்குள்ள சட்டை முழுக்க நனைஞ்சு, இனிமே தண்ணியில விழுந்தாதான் என்னன்னு ஆயிடும்.

இன்னொரு விஷயம், என் சொந்த அசிங்கம். வால்வுக்கு நடுவுல ஒரு சின்ன பின் இருக்கும், அழுத்தித் திருப்பினா ஒண்ணு மேல நிக்கும் இல்ல கீழ போய் உக்காந்துக்கும். மேல நின்னா மூடியிருக்குன்னு அர்த்தம், காத்து உள்ள போகும், வெளிய வராது. கீழ இருந்தா திறந்திருக்கு. நான் மொத நாள் இத பாக்காம பத்து நிமிஷம் அடிச்சு, 14 வந்த சந்தோஷத்துல ஹோஸ கழட்டினேன் பாருங்க, புஸ்ஸ்ஸுனு ஒரு சத்தம், பக்கத்துல வலை பிரிச்சிட்டிருந்த அண்ணன் எகிறிக் குதிச்சிட்டாரு. அரை நிமிஷத்துல போர்டு பழையபடி பாய். "என்ன தம்பி, வெடிச்சிடுச்சா"ன்னு கேட்டாரு, "இல்லண்ணே, நாந்தான்"னேன். மறுபடி அடிக்கிறப்ப பாதி அவருதான் அடிச்சுக் கொடுத்தாரு.

கேள்வி: கார் டயருக்கு காத்தடிக்கிற சின்ன கம்ப்ரஸர் வீட்ல இருக்கு, அதுவே போதுமா?
– வாசகர், திருச்சி

டயருக்கு 32 பிஎஸ்ஐ வேணும், போர்டுக்கு 15தான், அப்ப சுலபமாச்சேன்னு தோணும். டயருக்குள்ள எடம் கம்மி, போர்டுக்குள்ள எடம் ஜாஸ்தி, அந்த கம்ப்ரஸர் மணிக்கணக்கா ஓடி சூடாகி நின்னுடும். சிகரெட் லைட்டர் ஓட்டையில மாட்டற 12 வோல்ட் சப் பம்ப்னே தனியா விக்குது, அழுத்தத்த செட் பண்ணிட்டு டீ குடிச்சிட்டு வந்தா முடிஞ்சிருக்கும். ஆனா இன்னொரு ஒண்ணரை கிலோ.

கேள்வி: எனக்கு 47 வயசு, எடை 78 கிலோ, முட்டி வலி உண்டு. 9 வயசுப் பையன முன்னாடி உக்கார வச்சு ஓட்ட ஆசை. எனக்கு நீச்சல் தெரியாது. தூக்கறதுக்கு லேசான போர்டா சொல்லுங்க. இந்த வயசுல இதெல்லாம் தேவையான்னு வீட்ல கேக்கறாங்க.
– வாசகி, பெரம்பூர்

அக்கா, தேவையான்னு கேக்கறவங்கள கரையில நின்னு போட்டோ எடுக்கச் சொல்லுங்க, ரெண்டாவது வாரம் அவங்களே கேப்பாங்க.

உங்களுக்கு நான் லேசான போர்டு சொல்ல மாட்டேன். நீங்க 78, பையன் ஒரு 28 இருப்பானா, ஆக 106, தண்ணி பாட்டில் பிஸ்கட்டு எல்லாம் சேத்து 110. பொட்டி மேல 120 கிலோ வரைக்கும் தாங்கும்னு போட்டிருப்பாங்க, அது முங்காதுங்கிற கணக்கு, நிமிந்து நிக்கலாம்ங்கிற கணக்கு இல்ல. போட்டிருக்கிறதுல மூணுல ரெண்டு பங்குதான் சௌகரியம்னு நான் வச்சுக்குவேன். அதனால 11 அடி, அகலம் 33 இல்ல 34 இன்ச், கனம் 6 இன்ச்சுக்கு கொறையாம, 15 பிஎஸ்ஐ முழுசா அடிச்சு. அது 10 கிலோ வரும், வரட்டும், ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சு தூக்கிட்டு போங்க. சக்கரப் பை வாங்கினா நீங்க தூக்கவே வேண்டாம், மணல்ல மட்டும் சக்கரம் உருளாது.

முட்டி வலிக்கு, நிக்கணும்னு கட்டாயமே இல்ல. இந்த போர்டுல டி ரிங்னு சாமான் மாட்டற வளையம் நாலு இருந்தா கயாக் சீட்ட மாட்டி, காலு நீட்டி உக்காந்துக்கிட்டே ஓட்டலாம், வாங்கறப்ப அந்த ரிங் இருக்கான்னு எண்ணிப் பாத்துக்கோங்க, எடைய கொறைக்கிறவங்க மொதல்ல கழட்டறது அதத்தான். முட்டி போட்டு எந்திரிக்கிறதுதான் உங்களுக்கு வலிக்கும், ஒரு மடிச்ச துண்டு போட்டுக்கோங்க.

நீச்சல் தெரியாததுக்கு மட்டும் நான் சிரிச்சுப் பேச மாட்டேன். மொதல்ல நீச்சல் கத்துக்கோங்க, 47ல கத்துக்கலாம், மாநகராட்சிக் குளத்துல உங்க வயசுக்காரங்க நெறய பேர் வராங்க. அதுவரைக்கும் கோச் பக்கத்துல இருக்கிற எடத்துல, இடுப்பளவு தண்ணியில மட்டும். ஜாக்கெட்டுல 50 நியூட்டன்னு (மிதக்க வைக்கிற பலத்தோட அளவு) போட்டிருந்தா அது நீச்சல் தெரிஞ்சவங்களுக்கான மிதவைதான், உங்களுக்கு 100 நியூட்டன் லைஃப் ஜாக்கெட். பையனுக்கு அவன் எடைக்கு ஏத்தது, தொடைக்கு நடுவுல போற வார் வச்சது, இல்லன்னா தண்ணியில தூக்கறப்ப ஜாக்கெட் மட்டும் மேல வரும். நீங்க தனியா பத்து தடவ போய் விழுந்து பழகினப்புறந்தான் பையன். விழறப்ப போர்டு மேல விழாம பக்கத்துல தட்டையா விழணும், ஆழம் தெரியாத எடத்துல தலைகீழா பாயவே கூடாது.

கேள்வி: சென்னையில இத எங்க போடலாம்? செம்பரம்பாக்கம், புழல்ல போடலாமா?
– வாசகர், போரூர்

குடிதண்ணி ஏரி சார் அது, எறங்க விட மாட்டாங்க, விடவும் கூடாது. கோவளம், முட்டுக்காடுதான் வழக்கமா எல்லாரும் போறது. கோவளத்துலேர்ந்துதான் சர்ஃபிங் பசங்க நெறய பேர் வந்தாங்க, சப் ரேஸ்ல தேசிய சாம்பியனான சேகர் பச்சை நம்ம தமிழ்நாட்டு ஆளுதான், அவரு நிக்கிற போர்டு ரேஸ் போர்டு, நீளமா ஒடுக்கமா இருக்கும், நீங்களும் நானும் ஏறினா மூணு செகண்டு. பேக்வாட்டர்ல சுற்றுலாக் கழக (டிடிடிசி) படகு ஓடற வழியில குறுக்க போகாதீங்க. பாலத்துத் தூண்லயும் கல்லுலயும் சிப்பி ஒட்டியிருக்கும், ப்ளேடு மாதிரி, கால வெட்டும் போர்டையும் கீறும், பழைய கேன்வாஸ் ஷூ போட்டுக்கோங்க. பழவேற்காடு அழகு, ஆனா பல எடத்துல முழங்கால் தண்ணிதான், கூட வர்ற 9 இன்ச் ஃபின் தட்டி போர்டு சடார்னு நிக்கும், நீங்க நிக்க மாட்டீங்க. 4, 5 இன்ச் குட்டி ஃபின் ஒண்ணு தனியா வாங்கி வச்சுக்கோங்க. எங்க போனாலும் மீனவர்கிட்ட "அண்ணே இங்க வலை எங்க போட்டிருக்கீங்க"ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு எறங்குங்க, அவங்க வேலை செய்யற எடம், நாம வெளையாடப் போறோம்.

கேள்வி: வணக்கம் அண்ணா, மட்டக்களப்பில இருந்து எழுதுறன். சுவிஸ்ல இருக்கிற மச்சான் ஓகஸ்ட்ல வரேக்க ஒரு காத்தடிக்கிற சப் போட் கொண்டு வாறாராம். 8 கிலோதான் எண்டு சொல்றார். பிளேன்ல ஏத்தலாமோ? எங்கட வாவியில ஓடலாமோ? ஓகஸ்ட்ல கச்சான் காத்து வேற.
– வாசகர், மட்டக்களப்பு

கேள்வியிலயே பாதி பதில நீங்களே எழுதிட்டீங்க தம்பி, கச்சான்னு. பிளேன் விஷயம் சுலபம், 23 கிலோ பெட்டிக் கணக்குல முழுசா செட்டே அடங்கிடும், காத்த சுத்தமா எடுத்துட்டு சுருட்டணும், பேட்டரி பம்ப் கொண்டு வந்தா மட்டும் லித்தியம் பேட்டரிய எதுல வைக்கணும்னு விமானக் கம்பெனிகிட்ட மொதல்லயே கேட்டுக்கச் சொல்லுங்க.

காத்துக்கு வருவோம். காத்தடிக்கிற போர்டு தண்ணிக்குள்ள முங்கியிருக்காது, மேல எல மாதிரி மிதக்கும், அதுக்கு மேல நீங்க ஒரு பாய்மரம் மாதிரி நிக்கறீங்க. லேசா இருக்க இருக்க காத்துக்குத்தான் கொண்டாட்டம். கரையில வச்சுட்டு சோடா குடிக்கப் போனா 8 கிலோ போர்டு தென்னமரத்துக்கு அந்தப் பக்கம் கெடக்கும், கவுத்துப் போட்டு மேல மணல் பை வச்சுட்டுப் போகணும். கச்சான் மேக்கேருந்து அடிக்கிறது. உங்க வாவி தெக்கு வடக்கா 56 கிலோமீட்டர் நீளமா கெடக்கு, குறுக்க அகலம் கம்மி, அதனால வாவிக்குள்ள கச்சான் தள்ளினாலும் கடைசியில கிழக்குக் கரையில கொண்டு போய் விடும், நடந்து வரலாம். அதே கச்சான்ல கல்லடியிலயோ பாசிக்குடாவுலயோ கடல்ல எறங்கினா தள்ளற எடம் வங்காள விரிகுடா. இதுல ஒரு ஏமாத்து வேலை இருக்கு, கரையிலேர்ந்து கடலுக்கு அடிக்கிற காத்துல கரையோரம் அலையே இருக்காது, கண்ணாடி மாதிரி இருக்கும், ஆஹா இன்னைக்குத்தான் நல்ல நாள்னு எறங்கத் தோணும், நூறு மீட்டர் போனதுக்கு அப்புறந்தான் திரும்ப முடியலங்கிறது தெரியும். எங்க கோவளத்துலயும் இதே கதைதான், ஜூன் ஜூலையில காலைல மேக்கத்திக் காத்து, மத்தியானத்துக்கு மேலதான் கடல் காத்து திரும்பும். காலைல அமைதியா இருக்குன்னு போற சென்னைக்காரங்களும் இத படிக்கணும்னுதான் உங்க கடிதாசிக்கு இவ்வளவு நீட்டறேன்.

மாட்டிக்கிட்டா நிக்காதீங்க. முட்டி போடுங்க, அதுவும் முடியலன்னா குப்புறப் படுத்து துடுப்ப நெஞ்சுக்கு அடியில வச்சுக்கிட்டு ரெண்டு கையாலயும் தண்ணிய இழுங்க, பாய்மரம் போயிடுச்சுன்னா பாதிக் காத்து போயிடும். எக்காரணம் கொண்டும் போர்ட விட்டுட்டு நீந்தி வரப் பாக்காதீங்க, அதுக்குத்தான் கணுக்கால்ல லீஷ். காத்து மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேலன்னு ஃபோன் காட்டினா நானே பைய திறக்க மாட்டேன், புதுசுக்கு 12 தாண்டினாலே வேண்டாம். போறப்ப எப்பவும் காத்துக்கு எதிர போங்க, களைச்சுத் திரும்பறப்ப காத்து தள்ளிட்டு வரட்டும். முதலை எந்தப் பக்கம்னு உள்ளூர் மீனவருக்குத் தெரியும், அத நான் இங்கேருந்து சொல்லப்படாது.

கேள்வி: இது நம்ம கட்டுமரந்தானே? நம்ம ஆளுங்க காலங்காலமா நின்னு துடுப்பு போட்டத வெள்ளக்காரன் இப்ப காசுக்கு விக்கிறான், நீங்களும் அதுக்கு விளம்பரம் பண்றீங்க.
– வாசகர், கோயம்புத்தூர்

கோவப்படாதீங்க சார், கேட்டமரான்ங்கிற இங்கிலீஷ் வார்த்தையே நம்ம கட்டுமரத்துலேர்ந்து போனதுதான், அந்தப் பெருமைய யாரும் புடுங்க முடியாது. ஆனா சப் வந்த வழி ஹவாய். வைக்கிக்கி கடற்கரையில போன நூற்றாண்டு நடுவுலயே சர்ஃபிங் சொல்லிக் கொடுக்கிறவங்க பெரிய பலகையில நின்னுக்கிட்டு துடுப்பு போட்டுட்டு இருந்தாங்க, உயரத்துலேர்ந்து பாத்தா வர்ற அலையும் தெரியும், கத்துக்க வந்தவங்களும் தெரியும். அப்புறம் லேர்ட் ஹாமில்டன், டேவ் கலாமா மாதிரி ஆளுங்க 2000 ஒட்டி மறுபடி கெளப்பினாங்க. காத்தடிக்கிற பலகைக்குள்ள இருக்கிற அந்த நூல் வேலை மட்டும் ஆகாயத்துலேர்ந்து வந்தது, 1956ல அமெரிக்காவுல குட்இயர் கம்பெனி காத்தடிச்சு ஓட்டற ஒரு குட்டி ஏரோப்ளேனே செஞ்சு பறக்க விட்டுச்சு, நெசமாத்தான், அதோட றெக்கை இதே மாதிரி நூல் இழுத்துப் புடிச்ச துணி. கட்டுமரத்துல நின்னு அலைய தாண்டற மீனவர் ஒருத்தர் என் போர்டுல ஏறினாரு, ஒரு தடவகூட ஆடல. எறங்கி வந்து "ரொம்ப லேசா இருக்கு, கடலுக்கு ஆகாது"ன்னாரு. இந்தப் பக்கத்துல நான் இவ்வளவு நேரமா சொல்றதும் அதத்தான்.

கேள்வி: ஸ்கார்பரோவில இருக்கிறேன். மே மாச லாங் வீக்கெண்டுக்கு ஒண்டாரியோ ஏரியில ஓட்ட ஒரு லேசான சப் பாக்கிறேன். என்ன கவனிக்கணும்?
– வாசகி, டொராண்டோ

தங்கச்சி, மே மாசம் வெளிய 22 டிகிரி வெயில் அடிக்கும், ஏரித் தண்ணி 10 டிகிரிய தொட்டிருக்காது. அந்தக் குளிர்ல விழுந்தா மொத ஒரு நிமிஷம் மூச்சு நம்ம பேச்சு கேக்காது, தானா இழுக்கும், நீச்சல் சாம்பியனா இருந்தாலும். அதனால வெயிலுக்கு இல்ல, தண்ணிக்கு உடுத்துங்க, வெட்சூட், குளிர் தாங்கற ரப்பர் உடுப்பு. உங்க ஊர் சட்டம் சப் போர்டையும் படகாத்தான் பாக்குது, ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட்டும் ஒரு விசிலும் இருக்கணும், ஜாக்கெட்ட போர்டுல கட்டி வைக்கிறத விட போட்டுக்கறதுதான் புத்தி. இன்னொண்ணு, வெயில்ல 15 பிஎஸ்ஐ அடிச்சுட்டு அந்தத் தண்ணியில போட்டா உள்ள காத்து சுருங்கி 13, 14க்கு வந்துடும், கொஞ்ச நேரம் தண்ணியில வச்சுட்டு மறுபடி ரெண்டு தட்டு தட்டுங்க. சென்னைக்காரங்களுக்கு இது தலைகீழ், 30 டிகிரியில 15 அடிச்சு மணல்ல வெயில்ல போட்டு உள்ள 60 டிகிரி ஆச்சுன்னா 18 பக்கம் போயிடும், ஓரத்துல ஒட்டின பசை மொதல்ல விடும். நெழல்ல போடுங்க, இல்ல தண்ணியிலயே மிதக்க விடுங்க. கார் டிக்கியில மாசக்கணக்கா வைக்கிறவங்களுக்கும் சேத்துத்தான்.

கேள்வி: லண்டன் பக்கம் கால்வாயிலயும் ஆத்துலயும் ஓட்டறேன். கூட வந்த சுருள் லீஷே போதும்தானே?
– வாசகர், ஹாரோ

கால்வாய்க்குப் போதும், ஓடற ஆத்துக்குப் போதாது. லீஷ் மரக்கிளையிலயோ தடுப்புலயோ மாட்டிக்கிட்டா தண்ணி உங்களத் தள்ளிட்டே இருக்கும், கணுக்காலுக்கு கை எட்டாது. ஆத்துக்கு இடுப்பு பெல்ட்டுல மாட்டற லீஷ், ஒரு இழு இழுத்தா கழண்டுடற மாதிரி. 2021 அக்டோபர்ல வேல்ஸ்ல ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட்ல க்ளெடா ஆத்துத் தடுப்பணைய போர்டுல தாண்டப் போன கூட்டத்துல நாலு பேர் போயிட்டாங்க, மழை பெஞ்சு ஆறு பொங்கியிருந்த நாள். தடுப்பணைய மேலேருந்து பாத்தா ஒரு சின்ன படி மாதிரிதான் தெரியும், கீழ தண்ணி சுழட்டி உள்ளயே வச்சுக்கும். அணைக்கு முன்னாடியே கரை ஏறி தூக்கிட்டு நடங்க, லேசான போர்டு வாங்கினதுக்கு உருப்படியான உபயோகம் அதுதான். கால்வாய்கள பாத்துக்கற கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட்டோட தண்ணிக்கு லைசென்ஸ் வேணும், துடுப்பு போடறவங்க சங்கமான பேடில் யூகே மெம்பர்ஷிப் எடுத்தா அதுல சேந்தே வந்துடும்.

கேள்வி: ரெண்டாம் கை போர்டு ஒண்ணு பாதி விலைக்கு வருது. ஓட்டை இருந்தா சைக்கிள் பஞ்சர் பசை போட்டு ஒட்டிக்கலாமா?
– வாசகர், நாகர்கோவில்

சைக்கிள் ட்யூப் ரப்பர், இது பிவிசி, அந்தப் பசை புடிக்காது. பிவிசி பசைன்னே கேட்டு வாங்கி, ரெண்டு பக்கமும் தடவி, கொஞ்சம் காய விட்டு, மறுபடி ஒரு கோட் தடவி, அழுத்தி ஒட்டி ஒரு நாள் முழுக்க தொடாதீங்க. நடுவுல இருக்கிற சின்ன ஓட்டைக்கு பயமே வேண்டாம். ஓரத்துல மேல் துணியும் பக்கத் துணியும் சேர்ற எடத்துல பிரிஞ்சிருந்தா அத தொடாதீங்க, இன்னைக்கு ஒரு எடம் ஒட்டுவீங்க, அடுத்த வாரம் பக்கத்துல விடும். வாங்கறதுக்கு மொத நாள் சாயங்காலமே போய் 15 அடிச்சு அவங்க வீட்லயே விட்டுட்டு வந்துடுங்க, மறுநாள் அதே நேரத்துக்குப் போய் அதே மீட்டர்ல பாருங்க. மீட்டர் மாட்டறப்பவே ஹோஸுக்குள்ள கொஞ்சம் காத்து போகும், அதுக்கு ஒண்ணு விட்டுக் கொடுக்கலாம். அதுக்கு மேல எறங்கியிருந்தா சோப்புத் தண்ணிய வால்வ சுத்தி மொதல்ல ஊத்துங்க, முட்டை முட்டையா வந்தா வால்வு லூஸ், அந்தத் திருகற சாவியில ஒரு கால் சுத்து போதும். வால்வுல வரலன்னா ஓரத்துல ஊத்திக்கிட்டே வாங்க, அங்க வந்தா சாவிய திருப்பிக் கொடுத்துட்டு பஸ் ஏறிடுங்க.